வலியில்லா நாட்கள்: 211

அந்த வார்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. பச்சை எழுத்தில் 'வலியில்லா நாட்கள்' என்று எழுதி, அதன் கீழே மூன்று ஆணியில் மூன்று தகரத் தகடு மாட்டியிருந்தார்கள். இரண்டு, ஒன்று, ஒன்று. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங்காரன் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையிலும் இப்படி ஒரு பலகை உண்டு. அங்கே 'விபத்தில்லா நாட்கள்'. ஒருநாள் ஒருத்தனுக்கு லேத்தில் கட்டைவிரல் போனபோது, வீட்டில் காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டேன் என்று அவனிடமே எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் பலகையில் ஒரு நாளைக் கூட்டினார்கள். அதனால் இந்தப் பலகையைப் பார்த்ததுமே அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரி, படித்தவர்கள், நமக்கென்ன தெரியும் என்று உள்ளே போனான். நமக்கென்ன தெரியும் என்று நினைத்துத்தானே நாமெல்லாம் எல்லா வாசலுக்குள்ளும் போகிறோம்!

ஏழாம் கட்டிலில் அவன் மனைவி படுத்திருந்தாள். ரெடிமேட் துணிக் கம்பெனியில் தையல்காரி. வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்து மூன்றாம் நாள். "என்னங்க, ஆறு வருஷமா ஊருக்கே தச்சேன், எனக்குத் தச்சவங்க மட்டும் நூலை இப்படி இழுத்து வெச்சிருக்காங்களே" என்று முதல் நாள் சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் தையல் இழுத்தது. அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

பிள்ளை மூன்றாம் மாடியில் இருந்தது. பெண் பிள்ளை. மாதம் நிறையாமல் பிறந்ததால் மூச்சு திணறியது. தாய் இன்னும் முகம் பார்க்கவில்லை. தகப்பன் மட்டும் நாளுக்கு இரண்டு நிமிடம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். மேலே இருந்த டாக்டரம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே சொன்னார்: "மருந்து குடுக்க வேண்டியது குடுத்தாச்சு. இனி அம்மா நெஞ்சுச் சூடுதான். தினம் நாலு மணி நேரம் நெஞ்சுல போட்டுக்கிட்டா மூச்சு சீராகும், தேறிடும். ஏன் இன்னும் வரல அவங்க?"

ஏன் வரவில்லை என்றால், சீட்டு இல்லை. மேலே போகிற தாய்க்கு ஏறும் சீட்டு வேண்டும். வலி மதிப்பெண் இரண்டு அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் சீட்டு. வலியோடு ஏறினால் படியில் விழுந்துவிடுவார்களாம். அவ்வளவு அக்கறை! லிஃப்ட் இருந்தது. ஆனால் அது கருவிகளுக்கு மட்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்களே, இங்கே சாமி மூன்றாம் மாடியில் இருந்தார், பூசாரிகள் எல்லாம் கீழே இருந்தார்கள்.

வலியைக் குறைக்கத்தான் கரண்டுப் பெட்டி இருந்தது. உள்ளங்கை அகலம். அதிலிருந்து கிளம்பும் வயரின் நுனியில் ஒட்டுகிற வில்லைகள். தையலுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு ஒட்டி விசையைத் தட்டினால், லேசான கரண்டு நரம்பைத் தட்டித்தட்டி வலியை மறக்கடிக்கும். உலகத்தில் நிறைய இடத்தில் நடக்கிற நல்ல வைத்தியம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எங்கே வந்ததென்று வைண்டிங்காரன் பிறகுதான் கண்டுபிடித்தான்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மதிப்பெண்காரர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். சுவரில் இருந்த கண்ணாடி அலமாரியில் ஆறு பெட்டி வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் வயரைப் பதினொரு சுற்று, ஒரு நூல் இடைவெளி இல்லாமல், இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். தலைமை அலுவலகத்துக்குத் தினம் அலமாரியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படத்தில் வயர் தொங்கக்கூடாது. அவர் ஒன்றை எடுத்துப் பிரித்து, வில்லைகளை ஒட்டி, விசையைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"இப்ப வலி எவ்வளவும்மா? பத்துக்கு."

"ஒன்பதுங்க."

இருபது நிமிடம் கழித்து வந்தார். "இப்ப?"

"ஒன்பதுதாங்க."

மதிப்பெண்காரரின் முகம் வாடியது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவசரமே இல்ல."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? வலிக்குது."

"அது இல்லம்மா, 'பின்பு'ங்கிற இடத்துல அஞ்சுக்கு மேல நம்பரே இல்ல. பூஜ்யத்துல இருந்து அஞ்சு வரைக்கும்தான். அந்த அஞ்சையே இதுவரைக்கும் ஒருத்தரும் தொட்டதில்ல. உங்களுது ரெண்டு நாளா நிலுவையில நிக்குது." டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான், ஐந்துக்குப் பிறகு திரை வெறுமையாக இருந்தது.

"அப்ப ஒரு மாத்திரையாவது குடுங்களேன்" என்றான் வைண்டிங்காரன்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? இது மருந்தில்லா வலி நிவாரண வார்டு. மாத்திரை குடுத்தா மெஷின் வேலை செய்யலைன்னு ஆயிடாதா?" என்று சொல்லி, 'நிலுவை' என்பதை இன்னொரு முறை அழுத்திவிட்டு எட்டாம் கட்டிலுக்குப் போனார். எட்டாம் கட்டில்காரி அவர் வாயைத் திறக்கும் முன்பே "பூஜ்யம்" என்றாள். அவர் குளிர்ந்து போனார்.

வைண்டிங்காரனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பதினைந்து வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கை. வில்லை ஒன்றைத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான், இன்னொன்றை மணிக்கட்டில் வைத்தான். விசையை முழுசாகத் திருகினான். ஒன்றுமில்லை. வயரைப் பெட்டியின் வாயருகே இரண்டு விரலில் பிடித்து நெளித்தான். சுரீரென்று ஒரு துளி கரண்டு வந்து நின்றுவிட்டது. அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தினம் பதினொரு சுற்று இறுக்கிச் சுற்றினால், வெளியே ரப்பர் பளபளவென்றுதான் இருக்கும், உள்ளே கம்பி அறுந்துவிடும். அவன் கடையில் ஒருவன் இப்படி வயர் சுற்றினால் அன்றைக்கு டீ கிடையாது.

வார்டு சிஸ்டரிடம் போய்ச் சொன்னான். அந்தம்மா ஊசி மருந்துக் குப்பிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். நிமிரவேயில்லை.

"வயர் அறுந்திருக்கு சிஸ்டர். பெட்டிக்குள்ள கரண்டு இருக்கு, உடம்புக்குப் போகல. ஆறும் அப்படித்தான் இருக்கும்."

"தம்பி, நான் இங்க பத்தொன்பது வருஷமா இருக்கேன். வேலை கெடக்கு, என் காதுல எதையும் போடாதீங்க. தலைமை டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

தலைமை டாக்டர் அறையில் நாற்காலிக்குப் பின்னால் விருதுகள் இருந்தன. அவர் அவனை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.

"வயர் அறுந்திருக்குன்னு சொல்றீங்க. சரி. இந்த மெஷின் வெச்சு நூத்தி நாற்பத்திரண்டு தாய்மாருக்கு வலி போயிருக்கு. இப்ப நீங்களே சொல்லுங்க. கரண்டு வரலைன்னா வலி எப்படிப் போச்சு?"

"அதான் சார் எனக்கும் புரியல."

"எனக்குப் புரியுது. வலி போயிருக்கு, ஆகவே கரண்டு வந்திருக்கு. இதுக்குப் பேருதான் ஆதாரம்."

"ஒரே ஒரு தடவை மெஷினை டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமே சார்."

"மெஷினை எதுக்கு டெஸ்ட் பண்ணணும்? மெஷினா நோயாளி?" என்று சிரித்தவர், சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை பிதுக்கி விழுங்கினார். வைண்டிங்காரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதுகு. நாற்காலியிலேயே உக்காந்து உக்காந்து" என்றார் அவர். "இது வேற. இது நிஜமான வலி."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று சொல்லி வைத்தார்கள். வந்தும் தெரியாத ஆளை அந்தப் பழமொழி சொன்னவன் பார்த்திருக்கமாட்டான்.

"நாளைக்குப் பதினோரு மணிக்குத் தரக் குழு வருது" என்று அவரே தொடர்ந்தார். "நாட்டுலயே முதல் வலியற்ற பிரசவ வார்டுன்னு சான்றிதழ் குடுக்கப் போறாங்க. உங்க மனைவி ஒருத்தங்கதான் ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க. அவங்களுக்கு மன உறுதி கம்மியோ என்னமோ. எடுத்துச் சொல்லுங்க."

அவன் எடுத்துச் சொல்லவில்லை. பகல் இரண்டு மணிக்குப் பார்வையாளர்கள் போய், சிஸ்டர் சாப்பிடப் போன நேரத்தில், ஏழாம் கட்டிலுக்கு ஒதுக்கிய பெட்டியின் வயரை அறுந்த இடத்தில் வெட்டினான். பல்லால் ரப்பரைச் சீவி, முடி போன்ற கம்பிகளை முறுக்கிச் சேர்த்து, கட்டுப் போடுகிற தட்டிலிருந்து பிளாஸ்திரி எடுத்துச் சுற்றினான். நல்ல வேலை என்று சொல்லமுடியாது. கடையில் இப்படி ஒரு வேலையை வெளியே அனுப்பமாட்டான். முதலில் தன் கையில் வைத்துப் பார்த்தான், கரண்டு துடித்தது. அப்புறம் அவளுக்கு ஒட்டி, விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான்.

"ஐயோ, என்னங்க இது? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"அதான் வைத்தியம். இவ்வளவு நாளா உனக்கு வெறும் விளக்கைத்தான் போட்டுக் காட்டியிருக்கானுங்க. கூச்சமா இருக்கா?"

"இருக்கட்டும், எடுக்காதீங்க." தலையை அவன் பக்கம் திருப்பினாள். "பாப்பா மூக்கு யாரு மாதிரி?"

"உன்னை மாதிரி. சப்பை."

"போங்க" என்றாள். சொல்லும்போதே கண் சொருகியது. மூன்று நாளாகக் கட்டில் கம்பியைப் பிடித்துக் கிடந்த கை தானாக விட்டது. வைண்டிங்காரன் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

நாலு மணிக்கு மதிப்பெண்காரர் வந்தார். "இப்ப எவ்வளவும்மா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "குறைஞ்சிருக்குங்க. நல்லாவே குறைஞ்சிருக்கு. அஞ்சு சொல்லலாம்."

ஒன்பது ஐந்தானதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. அவர் திரையில் ஐந்தைத் தொட்டார். டேப்லெட் முழுக்கச் சிவப்பானது. எங்கேயோ ஒரு மணி அடித்தது. ஐந்து நிமிடத்தில் தலைமை டாக்டர் முதுகைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார், பின்னால் இன்னும் நாலு பேர்.

"அஞ்சா? இருநூத்திப் பதினோரு நாளுக்கப்புறம் அஞ்சா? தரக் குழு நாளைக்கு வருது!"

"ஒன்பதுல இருந்து அஞ்சுங்க சார்" என்றாள் தையல்காரி மெதுவாக.

அது யார் காதிலும் விழவில்லை. அங்கேயே கட்டிலைச் சுற்றி நின்று ஆய்வு நடத்தினார்கள். ஆறு பெட்டியில் ஐந்து பெட்டி பூஜ்யம் கொடுத்திருக்கிறது, ஒரு பெட்டி ஐந்து கொடுத்திருக்கிறது, ஆகவே கோளாறு அந்த ஒரு பெட்டியில் என்று முடிவானது. கணக்கில் தப்பே சொல்லமுடியாது. உறுதி செய்துகொள்ள மதிப்பெண்காரர் வில்லையைத் தன் மணிக்கட்டில் ஒட்டி விசையைத் திருகினார்.

"அம்மாடி!" என்று அலறி வயரைப் பிய்த்து எறிந்தார். "சார்! இதுல கரண்டு வருது சார்!"

தலைமை டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

"கரண்டா? தையல் போட்ட வயித்துல கரண்டா? ஏழு மாசமா ஒரு மெஷின்லயாவது இப்படி வந்திருக்கா?"

"ஒரு நாளும் வந்ததில்ல சார். நானே தினம் தொடறேன்."

"யாரு பண்ண வேலை இது?"

"நான்தான் சார்" என்றான் வைண்டிங்காரன். "அறுந்த வயரை ஒட்டினேன். கரண்டு வர்றதுக்குத்தானே சார் கரண்டு மெஷின்?"

"உங்களுக்கு அறிவிருக்கா? பிள்ளை பெத்தவ செத்துப்போயிருந்தா?" என்று தலைமை டாக்டர் கத்தினார். அவருக்கு உண்மையிலேயே பயம், நடிப்பு இல்லை. அதுதான் கொடுமை.

பெட்டியை ஒரு பையில் போட்டு, அரக்கு வைத்து, 'ஆபத்தான கருவி, வலி உண்டாக்கும்' என்று சீட்டு ஒட்டி எடுத்துப் போனார்கள். அவனிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கினார்கள். நல்ல நிலையில் இருந்த வயரை நான் ஒட்டிக் கெடுத்துவிட்டேன், என் மனைவி சொன்ன ஐந்து செல்லாது, இப்படிக்கு. எழுதமாட்டேன் என்று முதலில் நின்றான். எழுதாவிட்டால் ஏறும் சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை என்றார்கள். லேத்தில் விரல் போனவன் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவனை எவ்வளவு திட்டியிருக்கிறான், மானமில்லாதவன் என்று! கையெழுத்துப் போட்டான்.

அன்று மாலை கண்ணாடி வழியே பார்த்தபோது பிள்ளையின் விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. மேலே இருந்த டாக்டரம்மா இந்தத் தடவை ஏன் வரல என்று கேட்கவில்லை. "நாளைக்காவது கூட்டிட்டு வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கீழே வந்து அவன் அதைச் சொல்லாமல் மறைக்கப் பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

எட்டாம் கட்டில்காரி அவர்கள் பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டாவது பிரசவம், விவரமானவள். "ஏன் தங்கச்சி, உனக்கு யாரும் சொல்லலையா? இங்க உண்மை பேசினா பிள்ளையைப் பாக்க முடியாது. நான் மொத நாளே பூஜ்யம்னுட்டேன். எனக்கு முன்னாடி இருந்தவ சொல்லிக் குடுத்தா. அவளுக்கு, அவளுக்கு முன்னாடி இருந்தவ."

"வலிக்கலையா அக்கா உங்களுக்கு?"

"வலிக்காம? உசிரு போகுது."

வைண்டிங்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். நூற்று நாற்பத்திரண்டு பேருக்கு வலி எப்படிப் போனது என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குத் தரக் குழு வந்தது. மூன்று பேர். அலமாரியிலிருந்து எடுத்த இன்னொரு பெட்டி, அதிலும் அறுந்த வயர். தலைமை டாக்டர் கட்டிலருகே நின்று பேசினார்: "வலிங்கிறது ஒரு கருத்து. நாங்க அந்தக் கருத்தை மாத்தறோம். எங்க தாய்மார்கள் தாங்களாவே நடந்து மூணு மாடி ஏறிப் பிள்ளையைப் பாக்கறாங்க. யாரும் கட்டாயப்படுத்தறதில்ல. அவங்களே ஆசைப்பட்டுச் சொல்றாங்க, பூஜ்யம்னு."

"வலி எவ்வளவும்மா?" என்று குழுவில் ஒரு அம்மாள் அன்பாகக் கேட்டார்.

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"பூஜ்யம்" என்றாள்.

மதிப்பெண்காரர் இன்னும் விசையைத் தட்டியிருக்கவில்லை. அவசரமாகத் தட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். சீட்டு கிடைத்தது. வார்டு சிஸ்டர் சீட்டை மடித்து அவள் கையில் வைக்கும்போது கூடவே இரண்டு மாத்திரையையும் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போனார். அப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

படியில் துணைக்குக் கை கொடுக்கக்கூடாது. கை கொடுத்தால் வலி இருப்பதாகிவிடும். வைண்டிங்காரன் இரண்டு படி பின்னால் கையை நீட்டியபடியே வந்தான், தொடாமல். அவள் சுவரைப் பிடித்து ஏறினாள். இடுப்புயரத்தில், படியோடு படியாக, சுவரின் வெள்ளைப் பூச்சு தேய்ந்து கறுப்பாக ஒரு கோடு மூன்றாம் மாடி வரை போனது. அவள் கை வைத்த இடத்திலெல்லாம் யாரோ ஏற்கெனவே கை வைத்திருந்தார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றாள். சேலையில் தையலுக்கு நேரே கொஞ்சம் சிவப்பு கண்டிருந்தது.

"உக்காரும்மா, கொஞ்சம் உக்காரு."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்க" என்று மறுபடி ஏறினாள்.

மேலே பிள்ளைகள் அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். அவன் கண்ணாடிக்கு வெளியே நின்றான். உள்ளே ஒன்பது நாற்காலியில் எட்டுத் தாய்மார்கள், நெஞ்சில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் பூஜ்யம். ஒருத்தி கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். ஒருத்தியின் கால்விரல்கள் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

தையல்காரி ஒன்பதாவது நாற்காலியில் உட்காரும்போது வாய் தானாகத் திறந்தது. டாக்டரம்மா பிள்ளையைக் கொண்டுவந்து அவள் நெஞ்சில் போட்டார். கோழிக்குஞ்சு கனம். கண்ணாடிக்கு வெளியே வைண்டிங்காரன் விலா எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இழுத்தது. உள்ளே இழுத்தது. அப்புறம் கொஞ்சம் மெதுவாக.

பக்கத்து நாற்காலிக்காரி தன் மடியிலிருந்து சுருட்டிய துண்டு ஒன்றை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே நீட்டினாள்.

"இதைக் கடிச்சுக்கம்மா. சத்தம் போட்டா பிள்ளை முழிச்சுக்கும்."

தையல்காரி வாங்கினாள். துண்டு முழுக்க ஏற்கெனவே பல்தடம் இருந்தது. தடம் இல்லாத ஒரு இடத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் கடித்துக்கொண்டாள். பிள்ளை தூங்கியது.

கீழே வார்டு வாசலில் ஒருவர் ஸ்டூல் மேல் ஏறி, பலகையின் கடைசித் தகட்டைக் கழற்றி, இரண்டு என்ற தகட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.